மாடத்துக்கு அந்தப் பக்கம்

உளி பிடிவரை உள்ளே போன பிறகுதான் சாணைக்காரிக்கு விஷயம் உறைத்தது. கல்லில் அடித்தால் முழங்கை வரை அதிரும். இந்த அடிக்கு ஒன்றுமே அதிரவில்லை. சரக்கென்று உளி போயிற்று, பின்னாலேயே உள்ளங்கை அகலத்துக்குக் கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. துளை வழியாக வெதுவெதுப்பான காற்று வந்தது. அதோடு சுட்ட ரொட்டியின் மணமும் வந்தது.

மணம் மூக்கில் ஏறியதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வட்டாரத்தில் ரொட்டி சுடுகிற வீடு ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய அக்காள் வீடு. அக்காளோடு அவள் பேச்சுவார்த்தை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகிறது.

இது மலைக்கு அடியில் இருக்கிற ஊர். குடியிருப்பவர்கள் குள்ளர்கள். நன்றாக வளர்ந்த ஆள் நம் இடுப்புக்கு வருவார். ஆணுக்கும் தாடி உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பெண்கள் பின்னி முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள், வேலை நேரத்தில் முடிச்சை ரவிக்கைக்குள் செருகிக்கொள்வார்கள். தெரு என்று அவர்கள் சொன்னால் மேலே வானம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தெருவுக்கும் கூரை உண்டு. அதில் வரிசையாக எண்ணெய் விளக்குகள் உண்டு. பொழுது விடிவதும் சாய்வதும் மணி அடித்துத்தான் தெரியும். மேலே மழை பெய்தால் இங்கே சுவரெல்லாம் வியர்க்கும், மூலைக்கு மூலை சொட்டும். சொட்டுக் காலம் என்பார்கள். இந்தக் கதை நடந்ததும் சொட்டுக் காலத்தில்தான். துவைத்த துணி நாலு நாளாகியும் காயாமல் எல்லா வீட்டிலும் பெண்கள் எரிச்சலில் இருந்தார்கள்.

இந்த ஜனங்களுக்கு மற்ற எதில் விளையாட்டு இருந்தாலும் சுவர் விஷயத்தில் கிடையாது. இரண்டு வீட்டுக்கு நடுவே இரண்டு முழம் கல் இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் பாரம் தாங்காது. ஒரு வீடு இறங்கினால் தெருவே இறங்கும். அதனால் புது அறை வெட்டுகிறவர்கள் முதலில் பின்வீட்டுக்குப் போய், "வெட்டப் போறோம், தட்டிக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். பின்வீட்டார் தங்கள் பக்கமிருந்து மூன்று தட்டு தட்டுவார்கள். இந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டால் நடுவே எத்தனை முழம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு குவளை தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாத வேலை.

சாணைக்காரி போய்க் கேட்கவில்லை. கேட்பதாவது! அவளுடைய வைராக்கியம் ஊர் அறிந்தது. அக்காளின் அடுக்களையில் அவள் புழங்காத மூலை கிடையாது. எந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நூல் பிடித்து, நடுவே ஆறு முழம் இருக்கிறது என்று முடிவு செய்து, இரண்டு முழம் விட்டு நாலு முழம் வெட்டிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டாள். கணக்கில் பிசகே இல்லை. ஆனால் அது பதினோரு வருஷத்துக்கு முந்தைய அடுக்களையின் கணக்கு.

கடைசி நாலைந்து நாளாகக் கல்லின் சத்தம் மாறித்தான் இருந்தது. நீர்ச்சக்கரத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன்கூட, "என்னமோ பொத்துனு கேக்குதே" என்று சொல்லிப் பார்த்தார். "சொட்டுக் காலத்துல ஈரக்கல் அப்படித்தான் கேக்கும். உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது துளைக்கு முன்னால் மண்டி போட்டுக்கொண்டு, வேறு வழி தெரியாமல், கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை போயிற்று. ஒரு மாடம் மாதிரி தட்டுப்பட்டது. மாடம் என்றால் சட்டி பானை இருக்க வேண்டுமே, ஏதாவது உடைந்திருக்குமே என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன துழாவுறே? அங்கே ஒண்ணும் இல்லை" என்றது ஒரு குரல்.

சாணைக்காரி சூடு பட்டவளைப் போலக் கையை இழுத்துக்கொண்டாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அக்காள் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. எழுந்து, துளையில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டு, முன்னறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மதிய மணி அடித்துப் புருஷன் சாப்பிட வந்தபோது அடுப்பில் ஒன்றும் ஏறவில்லை. மனைவி சாணைக்கல்லின் பக்கத்தில் தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அந்த முகத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"சாக்கு வழியா ரொட்டி வாசனை வருது" என்றார்.

"வருது."

"அப்ப அது..."

"ஆமாங்க. அதுதான். இன்னும் என்ன சொல்லணும்?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். போய்த் தட்டிக் காட்டச் சொல்லு, உன் தலையா போயிடும் என்று அன்றைக்கே கேட்டவர் அவர். இப்போது அதைச் சொல்லிக் காட்டாமல் கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டு தோல் சீவ உட்கார்ந்தார். அதற்காகவே அவரை நல்ல மனுஷன் என்று சொல்லலாம்.

"களிமண் பூசிடலாமா?" என்றாள் சாணைக்காரி மெல்ல. "மேலே சுண்ணாம்பு அடிச்சுட்டா யாருக்குத் தெரியும்?"

"மரச்சுத்தியாருக்குத் தெரியும்."

அந்தப் பேரைக் கேட்டதும் அவள் அடங்கிப்போனாள். மரச்சுத்தியார்தான் அந்த வட்டாரத்துச் சுவர்களைப் பரிசோதிக்கிறவர். எந்நேரமும் கையில் ஒரு மரச்சுத்தி வைத்திருப்பார். பேச்சுக்கு நடுவிலும் எதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். புது அறையின் நாலு சுவரையும் அவர் தட்டிக் கேட்டு, வாசல் நிலையில் செம்மண்ணால் ஒரு கோடு போட்டால்தான் அது அறை. கோடு விழாதவரை அது வெறும் பள்ளம்.

அந்தக் கோட்டுக்குத்தான் அந்த வீடே காத்திருந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கீழ்த்தளத்தில் வண்டி தள்ளுகிற பையன், நல்ல உழைப்பாளி. கல்யாணம் நிச்சயமானதும் பெண் வீட்டிலும் அறை வெட்டுவார்கள், பிள்ளை வீட்டிலும் வெட்டுவார்கள். எந்த அறையில் முதலில் செங்கோடு விழுகிறதோ அங்கேதான் குடித்தனம். அதில் மறுபேச்சு கிடையாது. கீழ்த்தளம் என்றால் ஏணியிலும் சரிவிலுமாக இரண்டு நாள் இறங்க வேண்டும். ஏற மூன்று நாள். ஒரே மகள். தெருவிளக்குகளுக்குத் திரி மாற்றுகிற வேலையை முடித்துவிட்டு வந்து, சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற மகள். அவளை இரண்டு நாள் தூரத்துக்கு அனுப்பிவிட்டு என்ன செய்வது என்று சாணைக்காரிக்குத் தெரியவில்லை. அதனால்தான் கடைக்கு வந்த உளிகளை முடித்துக் கொடுத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் பின்னறையில் கல்லோடு கிடந்தாள். கீழே பிள்ளை வீட்டில் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டார்கள் என்று போன வாரம்தான் சேதி வந்திருந்தது.

மகள் வந்தாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே பின்னறைக்குப் போய், சாக்கை உருவிப் பார்த்து, உள்ளே குனிந்து, "பெரியம்மா!" என்று கூப்பிட்டாள்.

"என்னடி?" என்று பதில் வந்தது, ஏதோ தினமும் பேசுகிற மாதிரி.

"உங்களுக்கு ஒண்ணும் அடிபடலையே?"

"இல்லடி. ஒரு சில்லு பறந்து வந்து மாவுல விழுந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன்."

முன்னறையில் சாணைக்காரி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். மகள் திரும்பி வந்து, "அம்மா, நானே போய் மரச்சுத்தியாரைக் கூட்டிட்டு வரேன். இன்னைக்கே சொல்லிட்டா பிழை. நாளைக்கு அவரா கண்டுபிடிச்சா திருட்டு" என்றாள். சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

மரச்சுத்தியார் பெரிய வயிறும் சின்ன இருமலுமாக வந்து சேர்ந்தார். பின்னறையின் மூன்று சுவர்களைத் தட்டிப் பார்த்து, "அருமையான வெட்டு" என்றார். நாலாவது சுவருக்கு வந்து துளையை ஒட்டி உட்கார்ந்தார். ஒரு குச்சியை உள்ளே விட்டு அளந்தார். மறுபடி அளந்தார்.

"அந்தப் பக்கம் மாடம் இருக்கு. எத்தனை ஆழம் தெரியுமா? ரெண்டு முழம்! அரை முழத்துக்கு மேலே மாடம் வெட்டணும்னா பின்வீட்டுல கேக்கணும். யாரைக் கேட்டு வெட்டுனாங்க?" துளைக்குள் வாயை வைத்து, "ரொட்டிக்காரம்மா, இருக்கீங்களா?" என்றார்.

"வேற எங்கே போவேன்?"

"யாரைக் கேட்டு ரெண்டு முழம் மாடம் வெட்டுனீங்க?"

"அவ யாரைக் கேட்டு அறை வெட்டுனா?"

மரச்சுத்தியார் துளையிலிருந்து முகத்தை எடுத்து, நெற்றியைச் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டார். "முப்பது வருஷமா சுவர் பார்க்கிறேன். ஒரு சுவருக்கு ரெண்டு பக்கமும் கேக்காம வெட்டின குடும்பத்தை இப்பத்தான் பார்க்கிறேன். அக்கா தங்கச்சிதானே நீங்க? சந்தேகமே இல்லை."

பிறகு சட்டத்தைச் சொன்னார். சுவர் செத்துப்போயிற்று. அதற்கு உயிர் கொடுக்க வேண்டுமானால் மாடத்தை இண்டு இடுக்கில்லாமல் கல்லால் அடைக்க வேண்டும். ரெண்டு முழமும் கெட்டியாக நிற்க வேண்டும். மாடம் முந்தி வெட்டியது, அறை பிந்தி வெட்டியது. ஆகவே மாடத்துக்காரி சம்மதித்தால்தான் அடைக்கலாம். சம்மதிக்காவிட்டால், அறையை இடிபாட்டுக் கல்லைப் போட்டு மூட வேண்டியதுதான்.

"ரொட்டிக்காரம்மா, கேட்டுச்சா? சம்மதமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மாவு பிசைகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அக்காள்.

"நாளைக்கு மதிய மணிக்குள்ளே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு மரச்சுத்தியார் போய்விட்டார்.

சாணைக்காரி சாக்கை மறுபடி துளைக்குள் ஓங்கித் திணித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? சட்டி வைக்கிற ஒரு மாடம். அதைக் காப்பாற்றினால் போவது அவளுடைய மகள். அக்காளுக்கு அதுகூடத் தெரியவில்லையா? அன்றைய மிச்சப் பொழுதெல்லாம் சாணையில் உட்கார்ந்து, தீட்டிய உளியையே திரும்பத் திரும்பத் தீட்டினாள்.

சண்டை எப்படி வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். சாணைக்காரி இந்த முன்னறையை வெட்டி முடித்தபோது தெருவே பார்க்க வந்தது. அக்காளும் வந்தாள். அண்ணாந்து பார்த்து, ஒரு கண்ணை மூடி, "கூரை வலப்பக்கம் கொஞ்சம் சாயுதே" என்றாள், அத்தனை பேர் நடுவில். குள்ளர்களிடத்தில் ஒருத்தியின் கூரை கோணல் என்று சொல்வதைவிட அவளைக் கன்னத்தில் அறைந்துவிடலாம். சாணைக்காரியும் சும்மா இருக்கவில்லை. "உன் ரொட்டியை வெச்சு முட்டுக் கொடுத்தா நேராயிடும், அதுதான் கல்லைவிடக் கெட்டியா இருக்கே" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காள் தன் விளக்கை எடுத்துக்கொண்டு போனவள்தான்.

இருவர் வீடும் முதுகோடு முதுகு ஒட்டியது. வாசலுக்கு வாசல் போவதானால் தெருமுனையில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு எழுபது அடி நடக்க வேண்டும். அந்த எழுபது அடியை அவள் நடக்கட்டும் என்று இவளும், இவள் நடக்கட்டும் என்று அவளும் இருந்துவிட்டார்கள். வேண்டுமென்று யாரும் இருக்கவில்லை. முதல் மாதம் கோபம் இருந்தது, அப்புறம் கூச்சம் வந்தது, அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

மறுநாள் காலை முதல் மணிக்கே புருஷனும் மகளும் வேலைக்குக் கிளம்பினார்கள். மகள் வாசலில் நின்று, "அம்மா, நான் கீழ்த்தளத்துக்குப் போனாலும் நல்லாத்தான் இருப்பேன். அவங்க நல்ல மனுஷங்கதான். நீ எனக்காகக் கேக்காதே. உனக்கு வேணும்னா கேளு" என்று சொல்லிவிட்டுத் திரிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். இது எந்த ஊர் நியாயம் என்று சாணைக்காரி முணுமுணுத்தாள். ஆனால் மகள் சொன்னதுதான் உண்மை என்று அவளுக்குத் தெரியும். வேண்டியிருந்தது அவளுக்குத்தான்.

பின்னறைக்குப் போய்ச் சாக்கை உருவினாள். துளைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தைக் காட்ட மனம் வரவில்லை.

"அக்கா."

மாவு பிசைகிற சத்தம் நின்றது.

"சொல்லு."

"சட்டி வைக்க நான் வேற மாடம் வெட்டித் தரேன். அந்தப் பக்கச் சுவர்ல. நல்லா அகலமா. நானே வெட்டித் தரேன்."

"சட்டிக்கு எனக்கு இடம் இருக்கு."

"அப்புறம் என்ன யோசனை உனக்கு?"

அக்காள் அடுப்புக் கதவைத் திறந்து மூடினாள். தகரப் பலகையில் ரொட்டிகள் சரிகிற சத்தம் கேட்டது. பிறகு அவளும் அந்தப் பக்கம் சுவரோரம் வந்து உட்கார்ந்தாள் போலிருக்கிறது, குரல் கிட்டத்தில் வந்தது.

"மாடத்துல ஏன் ஒண்ணுமே இல்லைன்னு நீ கேக்கவே இல்லையே."

சாணைக்காரிக்கு அப்போதுதான் அது மண்டையில் ஏறியது. "ஏன் இல்லை?"

"நீ வெட்ட ஆரம்பிச்ச அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்து இந்தப் பக்கம் வெச்சுட்டேன். அம்மா கொடுத்த பெரிய சட்டி இருக்குல்ல, அதை முதல்ல எடுத்தேன்."

"நான் உன் பக்கம்தான் வரேன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன காது இல்லையா? நாளுக்கு நாள் கிட்டத்துல கேக்குது. எத்தனை முழம், எத்தனை விரல் இருக்குன்னு சொல்லுவேன். நேத்து ஒரு விரல்கூட இல்லைன்னு தெரியும். ரொட்டியை அடுப்புல தள்ளிட்டு, கையைக் கட்டிட்டு உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தேன்."

"ஒரு தட்டு தட்டியிருக்கலாமே! பாவி! நான் பாட்டுக்கு வெட்டிட்டு..."

"தட்டியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? உளியைத் திருப்பிக்கிட்டு வேற பக்கம் போயிருப்பே. மறுபடியும் பதினோரு வருஷம்."

சாணைக்காரிக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. ஆனால் திட்ட வாயெடுத்தவள் துளைக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்துகொண்டாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து கழுத்தில் இறங்கியது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"ரெண்டு முழம் எதுக்கு வெட்டினே?" என்றாள் கடைசியில்.

"முதல்ல அரை முழம்தான் வெட்டினேன். சட்டி வைக்கத்தான். ஒரு நாள் சட்டியை எடுக்கக் குனிஞ்சப்போ, உள்ளே உன் சாணைச் சத்தம் கேட்டுச்சு. கொசு மாதிரி. இன்னும் கொஞ்சம் வெட்டினா நல்லாக் கேக்குமேன்னு வெட்டினேன். வருஷத்துக்கு நாலு விரல், அஞ்சு விரல். கடைசியா நல்லாவே கேட்டுச்சு. காலையில சாணை சுத்தலைன்னா உனக்கு உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சுக்குவேன். அதுக்குத்தான்."

"உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சு என்ன பண்ணுவே?"

"உன் வீட்டுக்காரர் கிட்டே கஞ்சி கொடுத்து அனுப்புவேன்."

"அந்தக் கஞ்சி நீ கொடுத்ததா?" சாணைக்காரி துளைக்கு நேரே முகத்தைத் திருப்பிவிட்டாள். அந்தப் பக்கம் அக்காளின் முகமும் இருந்தது. தாடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது, அதில் மாவு வேறு. "அவர் தானே வெச்சேன்னாரே!"

"அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா? தினமும் ரெண்டு ரொட்டி இங்கே தின்னுட்டுத்தான் சக்கரத்துக்குப் போறார் அந்த மனுஷன். உன்கிட்டே சொல்லலை பாரு, நல்ல கெட்டிக்காரர்."

"அவர் சொல்லலைன்னா எனக்குத் தெரியாதாக்கும்! மாசா மாசம் ஒரு ரொட்டிக் கத்தி கொண்டு வந்து, சக்கரத்து ஆள் ஒருத்தரோடதுன்னு சொல்லுவார். கருப்புப் பிடி. பிடியில நான் சின்ன வயசுல கடிச்ச பல் தடம். சக்கரத்துக்காரன் கத்தியில என் பல் தடம் எப்படி வரும்?"

"தெரிஞ்சேதான் தீட்டிக் கொடுத்தியா?"

"மத்ததுக்கு ரெண்டு சுத்து. அதுக்கு நாலு சுத்து."

அக்காள் சிரித்தாள். சாணைக்காரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருவரும் மூக்கைச் சிந்தினார்கள். வெளியில் வண்டி போகிற சத்தம் கடகடவென்று போய் ஓய்ந்தது.

"இதை அடைச்சுட்டா ஒண்ணும் கேக்காது" என்றாள் அக்காள். "ரெண்டு முழம் கெட்டிக் கல்லு. அதுதான் யோசிச்சேன். எனக்கும் வயசாகுது, காது இப்ப இருக்கிற மாதிரியா இருக்கும்? ஆனா பொண்ணைக் கீழே அனுப்பிட்டு உன் சாணைச் சத்தத்தைக் கேட்டு நான் என்ன பண்ண? சத்தமே அழுகையா கேக்கும். அடைச்சுடலாம். மரச்சுத்தியார் கிட்டே சொல்லிடு."

"நீயே சொல்லு. மாடத்துக்காரி நீதானே."

"சரி, சொல்றேன்."

அன்று மதியம் சம்மதம் சொல்லி, மறுநாள் வேலை தொடங்கினார்கள். இடிபாட்டுக் கல்லுக்குப் பஞ்சமில்லை. சாணைக்காரி வெட்டிய இரண்டு மாதக் கல்லும் பின்னறை ஓரத்தில் குவிந்து கிடந்தது. புருஷன் வேலை விட்டு வந்ததும் கல்லைத் தேய்த்துக் கழுவிக் கொடுப்பார். மகள் கூழாங்கல்லையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கொடுப்பாள். சாணைக்காரி ஒவ்வொரு கல்லையும் உளியால் செதுக்கி, அளவு பார்த்து, துளை வழியாக நீட்டுவாள். அக்காள் வாங்கி மாடத்தில் ஓரத்திலிருந்து அடுக்கி வருவாள். துளை இருக்கிற நடுப்பகுதியைக் கடைசிக்கு விட்டுவிட்டார்கள்.

கல் நீட்டுகிறபோதெல்லாம் பேச்சு. பதினோரு வருஷத்துப் பேச்சு. யார் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யார் வீட்டுக் கூரை இறங்கியது, எந்தத் தெரு வழியாக இனிக் காற்று வரும், காளான் பாத்தியில் இந்த வருஷம் ஏன் பூஞ்சை, எல்லாம் பேசினார்கள். ஒரு நாள் அக்காள், "கல்லைச் சரியா செதுக்கு, இது சாயுது" என்றாள். சாணைக்காரி வெடுக்கென்று, "கல்லு சாயலை, நீ பிடிக்கிற கை சாயுது" என்றாள். இந்தப் பக்கம் புருஷனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் அக்காள் கல்லைத் திருப்பி வைத்துவிட்டு, "சரி, அடுத்ததைக் கொடு" என்றாள். திரும்ப ஒரு சூடான ரொட்டியும் துளை வழியாக வந்தது. மிருதுவாகத்தான் இருந்தது. சாணைக்காரி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாதிக்கு மேல் அவளே தின்றுவிட்டாள்.

இத்தனை பேச்சிலும் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி வரவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. துளை இருக்கும்போது வாசல் எதற்கு? மகள் ஒரு தடவை, "எழுபது அடிதானேம்மா, போய் எட்டிப் பார்த்துட்டு வரக் கூடாதா?" என்று கேட்டாள். "கைவேலையா இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டாள் சாணைக்காரி. கைவேலை ஒன்றும் பெரிதாக இல்லை. துளைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவது சுலபமாக இருந்தது. வாசலில் போய் நிற்பதுதான் முடியாததாக இருந்தது. ஏன் முடியவில்லை என்று அவளையே கேட்டாலும் சொல்லத் தெரியாது.

எட்டாம் நாள் இடைவெளி கை நுழையும் அளவுக்குக் குறைந்தது. ஒன்பதாம் நாள் ஒரே ஒரு கல் பாக்கி. நல்ல கல், நாலு முகமும் வழவழப்பாக வந்திருந்தது. அதை இந்தப் பக்கமிருந்துதான் வைக்க வேண்டும். வைத்தால் துளை அடைந்துவிடும்.

"வைக்கவா?" என்றாள் சாணைக்காரி.

"வையேன். மரச்சுத்தியார் வர நேரமாச்சு."

"இன்னும் ஏதாவது சொல்லணுமா?"

அக்காள் யோசித்தாள். "அடுப்புல ரொட்டி இருக்கு" என்றாள்.

சாணைக்காரி சுண்ணாம்பைப் பூசி, கல்லை வைத்து, மரக்கட்டையால் தட்டி உள்ளே இறக்கினாள். ரொட்டி வாசனை குறைந்து, குறைந்து, நின்றுவிட்டது. மரச்சுத்தியார் வந்தார். இருமிக்கொண்டே ஒவ்வொரு விரலாகத் தட்டிப் பார்த்தார். "அக்காவும் தங்கச்சியும் கேக்காம வெட்டுறதுலதான் கெட்டிக்காரிங்கன்னு நினைச்சேன், அடைக்கிறதுலயும் கெட்டிக்காரிங்கதான்" என்று சொல்லி நிலையில் செங்கோடு போட்டார். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கீழ்த்தளத்துக்குச் சேதி சொல்ல ஆள் ஓடினான். புருஷன் சந்தோஷத்தில் ஒரு பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டே சக்கரத்துக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு சாணைக்காரி சாணையில் உட்கார்ந்தாள். சக்கரத்தை மிதித்தாள். உளி பொறி விட்டுக் கத்தியது. நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினாள். வீடு அமைதியாக இருந்தது. மறுபடி சுற்றினாள், மறுபடி நிறுத்தினாள். இத்தனை வருஷமும் இந்தச் சத்தத்தை ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் கேட்காது. அக்காள் இப்போது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து என்ன செய்வாள் என்று நினைத்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. சுண்ணாம்புக் கையோடு வாசலைத் தாண்டினாள். ஐந்தடி, பத்தடி. விளக்குக்கு விளக்கு அவள் நிழல் முன்னால் ஓடுவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. எங்கே போறேன்னு யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டே விறுவிறுவென்று நடந்தாள். தண்ணீர்த் தொட்டி முனையில் திரும்பியபோது எதிரே வந்த ஆள் மேல் நேராகப் போய் இடித்துக்கொண்டாள்.

அக்காள்! அவள் கையிலும் சுண்ணாம்பு, தாடி முழுக்க மாவு. மேல்துணிகூட இல்லாமல் வந்திருந்தாள்.

"எங்கேடி கிளம்பிட்டே?" என்றாள் அக்காள், மூச்சு வாங்க.

"உன் வீட்டுக்குத்தான். நீ எங்கே?"

"உன் வீட்டுக்கு."

இருவரும் நின்றார்கள். இத்தனை கிட்டத்தில் முழு ஆளாகப் பார்த்துப் பதினோரு வருஷம். அக்காள் கொஞ்சம் குறுகிப்போயிருந்தாள், ஒரு காலைச் சாய்த்து வைத்து நின்றாள். அந்தக் கால் வலியைப் பற்றித் துளை வழியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாணைக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா, உன் வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

"பாதி தூரம் நான் வந்துட்டேன். உன் வீட்டுக்குத்தான் போகணும்."

"நானும்தான் பாதி தூரம் வந்திருக்கேன். நீ மூத்தவ, நான்தான் உன் வீட்டுக்கு வரணும்."

"மூத்தவ சொன்னா கேக்கணும். நட உன் வீட்டுக்கு."

"உனக்குக் கால் வலிக்குது. உன் வீடுதான் கிட்டே."

"என் காலைப் பத்தி உனக்கு யார் சொன்னா? ரெண்டும் ஒரே தூரம்தான்."

"ஒரே தூரம் இல்லை. என் வீட்டுலேருந்து தொட்டிக்கு முப்பத்தெட்டு அடி. உன் வீட்டுலேருந்து முப்பத்திரண்டு."

"எண்ணி வெச்சிருக்கியா நீ?"

"நீ எண்ணலையா?"

பின்னால் கல் ஏற்றிய தள்ளுவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "அம்மா, யார் வீட்டுக்காவது போங்களேன். வழியில நிக்கிறீங்களே" என்றார்.

"நீ கொஞ்சம் சும்மா இருப்பா" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

வண்டிக்காரர் கைப்பிடியை இறக்கி வைத்துவிட்டு, வண்டி ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. அக்காளும் தங்கையும் ஒருத்தி கையை ஒருத்தி விடாமல், எந்த வீட்டுக்குப் போவது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள்.